கிணற்றில் தண்ணீர் உண்டு, கயிறு உண்டா?

கிறிஸ்து இயேசுவுக்குள் மிகவும் பிரியமானவர்களே,



வழக்கமாக இந்தப் பக்கத்தில் வார்டுகளில் நடக்கும் ஊழியத்தைப் பற்றியும், சுகம் பெற்றவர்களின் சாட்சிகளைப் பற்றியும் எழுதுவேன். இந்த முறை வேறொரு காரியத்தை எழுதும்படி உள்ளத்தில் பாரம் உண்டாயிற்று. நம் மருத்துவமனையைப் பல ஆண்டுகளாக ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கிவரும் ஒரு பெரியவர் எழுதிய கடிதமே அதற்குக் காரணம். "ஐயா, பல் வலியோடு வருகிற ஏழைகளுக்காகத்தான் நாங்கள் கொடுக்கிறோம். பல் மருத்துவப் பகுதியில் கம்ப்யூட்டர் அறை என்று சென்ற இதழில் போட்டிருந்தீர்களே, அது எதற்கு? படிக்கிற பிள்ளைகளுக்குக் கல்லூரி இல்லையா?" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. கொடுக்கிறவருக்குக் கேட்க உரிமை உண்டு. ஒரு தபால் கார்டில் பதில் எழுத உட்கார்ந்தேன், இடம் போதவில்லை. இதே கேள்வி உங்களில் வேறு சிலருக்கும் இருக்கலாம் என்பதால், அந்தப் பதிலை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

வேப்பமரத்தடியில் ஒரு மாணவி

2021 ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை நம் ஊர்களை உலுக்கிய நாட்கள். மே 10 ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் மீண்டும் முழு ஊரடங்கு. நாங்கள் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கும் படுக்கைக்குமாக ஓடிக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில் காலை ஜெபம் முடிந்து சிற்றாலயத்தை விட்டு வெளியே வரும்போதெல்லாம், வேப்பமரத்தடித் திண்ணையில் ஒரு இளம்பெண் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

நம் பிரசவ வார்டில் ஆயாவாக வேலை செய்யும் ஒரு சகோதரியின் மகள் அவள். அரசுப் பள்ளியில் படித்தவள். மருத்துவம், பல் மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020 ஆம் ஆண்டு கொண்டுவந்ததல்லவா? அந்த முதல் ஆண்டிலேயே பி.டி.எஸ். இடம் பெற்றாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. கவுன்சலிங் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபையின் முன்னால் நிறுத்தி ஜெபித்து அனுப்பினோம்.

அவள் போன சில வாரங்களிலேயே விடுதியை மூடிவிட்டார்கள். வகுப்பெல்லாம் செல்போனுக்கு மாறியது. அவர்கள் வீட்டில் டவர் கிடைக்காது. நம் வளாகத்தில் அந்த மரத்தடியில் மட்டும் ஓரளவு கிடைக்கும். நான் இரண்டு மூன்று முறை அருகில் போய், "நல்லாப் படிம்மா. சோம்பல் கூடாது. ஆண்டவர் கொடுத்த வாய்ப்பு இது" என்று புத்தி சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு வார்டுக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் அவள் தாயார் கண்ணீரோடு என்னிடம் வந்தார். "ஐயா, பிள்ளை படிப்பை நிறுத்திடுறேன்னு சொல்லுது. நீங்க சொன்னா கேட்கும்." அவளை அழைத்து உட்காரவைத்து, அன்றுதான் முதல்முறையாகக் கேள்வி கேட்டேன்.

அந்த செல்போன் தாயாருடையது. தம்பிக்கும் அதில்தான் வகுப்பு. ஒரு நாளுக்கு உண்டான டேட்டா காலை பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும். தன் முகம் தெரியும்படி வீடியோவைப் போட்டால் வகுப்பு நின்றுவிடும், போடாவிட்டால் வருகைப் பதிவு கிடையாது. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னாள்: "ஐயா, மேடம் மெழுகுல பல் செதுக்கிக் காட்டுறாங்க. போன்ல அது என் நகம் அளவுதான் தெரியுது. கத்தியை எந்தப் பக்கம் திருப்புறாங்கன்னே தெரியல. நடுவுல நின்னுடுது. திரும்ப வரும்போது பல் முடிஞ்சிருக்கு."

பிரியமானவர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனை வெறும் வார்த்தையால் வாழ்த்தி அனுப்புவதில் பயன் என்ன என்று யாக்கோபு தன் நிருபத்தில் கேட்பதைப் பற்றி எத்தனை பிரசங்கங்கள் செய்திருக்கிறேன்! அந்தப் பிள்ளைக்கு நான் செய்ததும் அதுதானே. ஜெபித்தேன், புத்தி சொன்னேன். "உன்னிடம் சொந்தமாகப் போன் இருக்கிறதா?" என்று கேட்கத் தோன்றவில்லை.

பல் மருத்துவம் கையால் கற்கும் படிப்பு

மற்றப் படிப்புகளைவிடப் பல் மருத்துவ மாணவர்களை இந்தத் தடை ஏன் அதிகமாய்த் தாக்கியது? நம் பல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எனக்குப் புரிந்த வரையில் சொல்லுகிறேன்.

நம் தேசத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920 ஆம் ஆண்டு கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது தொடங்கினார். இன்று தேசமெங்கும் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் ஆசிரியரின் கையைப் பார்த்து மாணவன் தன் கையைப் பழக்கும் முறை மாறவில்லை.

முதலாண்டில் மெழுகுக் கட்டியில் ஒவ்வொரு பல்லையும் அளவுப்படி செதுக்க வேண்டும். அதன் மேடு பள்ளங்களைக் கையே அறிந்துகொள்ளும்படியான பயிற்சி அது. இரண்டாம் ஆண்டில் ஃபேண்டம் ஹெட் என்னும் பொம்மைத் தலையை வைத்து, அதன் வாயிலுள்ள பற்களைக் குடைந்து அடைக்கப் பழகுகிறார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் ஆசிரியரின் மேற்பார்வையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்கிறார்கள். அதன் பிறகு ஓராண்டு இன்டர்ன்ஷிப்.

இந்தப் படிகளில் எதையும் தாண்டிப் போக முடியாது. பல்லின் மேலுள்ள எனாமல் மிகத் தடிப்பான இடத்திலும் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர்தான். அதற்குள்ளே டென்டின், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். பல்லைக் குடையும் ஏர்ரோட்டர் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். கை ஒரு மில்லிமீட்டர் தவறினால், அடைத்துவிடக்கூடிய சொத்தை வேர் சிகிச்சை வரைக்கும் போய்விடலாம். மேல் வரிசைப் பற்களில் வேலை செய்யும்போது பல்லை நேராகப் பார்க்கவும் முடியாது. சின்னக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். பார்ப்பது ஒரு திசை, கை போவது மறு திசை. புத்தகத்தை எத்தனை முறை வாசித்தாலும் இது வராது.

தூரத்திலிருந்து எது வரும், எது வராது

அப்படியானால் கம்ப்யூட்டராலும் இன்டர்நெட்டாலும் பயனில்லையா? அப்படியும் சொல்ல முடியாது.

நூறு மாணவர்கள் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒரு பல்லைக் குடைந்து காட்டினால் முன்னால் நிற்கும் பத்துப் பேருக்குத்தான் தெரியும், பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்ப்பார்கள். அதையே நல்ல கேமராவில் பதிவு செய்து கொடுத்தால் நூறு பேருக்கும் தெரியும். புரியாத இடத்தில் நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம், மெதுவாக ஓட்டலாம். எக்ஸ்ரே படங்களையும், ஈறு நோய்களின் படங்களையும், வாயில் வரும் வெள்ளைப் படலம், புண் ஆகியவற்றின் படங்களையும் எந்த ஊரிலிருந்தும் பார்த்துப் படிக்கலாம். ஒரு சிக்கலான நோயாளியைப் பற்றி வெகு தூரத்தில் இருக்கும் நிபுணரிடம் நேரிலே பேசுவதுபோல் கேட்கலாம். இவையெல்லாம் தேவன் இந்தத் தலைமுறைக்குக் கொடுத்த நல்ல ஈவுகள் என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் தூரத்தில் இருக்கும் ஆசிரியருக்கு மாணவியின் மணிக்கட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது தெரியாது. அவள் விரல் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்த்து, "இங்கே ஊன்று, அம்மா" என்று எடுத்து வைக்க முடியாது. அறிவு தூரத்திலிருந்து வந்துவிடும், கைப்பழக்கத்துக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

ஒரே பாடம், வேறு வேறு வீடு

2020 மார்ச் 25 முதல் தேசமெங்கும் ஊரடங்கு வந்தபோது, கல்லூரிகள் ஒரே பாடத்தைத்தான் எல்லா மாணவர்களுக்கும் அனுப்பின. வேற்றுமை பாடத்தில் இல்லை, அது போய்ச் சேர்ந்த வீட்டில் இருந்தது.

கொரோனா வருவதற்கு முன்பே இது தெரிந்த விஷயம். 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு வீடு வீடாகக் கணக்கெடுத்தது. கம்ப்யூட்டர் உள்ள வீடுகள் நகரங்களில் நூற்றுக்கு 23.4, கிராமங்களில் 4.4. இன்டர்நெட் வசதி உள்ள வீடுகள் நகரங்களில் நூற்றுக்கு 42, கிராமங்களில் 14.9. அதற்குப் பின் செல்போன் மிகவும் பெருகிவிட்டது உண்மை. ஆனால் வீட்டில் ஒரு போன் இருப்பதும், படிக்கிற பிள்ளைக்கென்று ஒரு போன் இருப்பதும் ஒன்றல்ல.

டேட்டா கணக்கைப் பாருங்கள். அந்த நாட்களில் நம் ஜனங்கள் பலர் போட்டிருந்த ரீசார்ஜில் ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. கிடைக்கும். நேரலை வீடியோ வகுப்பு ஒரு மணி நேரம் ஓடினால், படத்தின் தரத்துக்கு ஏற்ப அரை ஜி.பி. முதல் ஒரு ஜி.பி. வரை போய்விடும். ஒரு நாளில் நான்கு வகுப்பு, வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் கணக்கு எப்படி நிற்கும்? அதே ஒரு மணி நேரப் பாடத்தைக் குரலாக மட்டும் பதிவு செய்து, படங்களைத் தனியாக அனுப்பினால் முப்பது நாற்பது எம்.பி.யில் அடங்கிவிடும். இரவில் டவர் ஓய்ந்திருக்கும் நேரத்தில் இறக்கிக்கொள்ளலாம். நேரலையில் வருவதுதான் படிப்பு என்று வைத்துக்கொண்டதால், ஏழைப் பிள்ளைகளுக்கு எளிதான வழி இருந்தும் அது பலருக்கு எட்டவில்லை.

இன்னும் சில தடைகள் கணக்கெடுப்பில் வராது. ஒற்றை அறை வீட்டில் அமைதியான மூலை கிடையாது. பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் தண்ணீர் எடுப்பதும் சமைப்பதும் அவள் தலையில் விழும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளைக்குப் பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் ஓடுகிறது. வகுப்பறையில் என்றால் பக்கத்தில் இருக்கும் தோழியிடம் மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம், போனில் யாரிடம் கேட்பது?

நம் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து அதே காலத்தில் ஒரு தம்பியும் பல் மருத்துவம் படிக்கப் போனான். ஊரடங்குக்கு வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. "படிப்பு வரல" என்று ஊரார் சொன்னார்கள், நாமும் நம்பிவிட்டோம். இன்று அவன் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். படிப்பு வரவில்லையா, பாடம் வரவில்லையா என்று அந்த நாளில் நம்மில் ஒருவரும் போய்க் கேட்கவில்லை. அவனை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் குத்துண்கிறது.

கல்லூரிக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரம்

இந்த வேற்றுமை வீடுகளோடு முடிவதில்லை. வசதியான சில கல்லூரிகளில் இப்போது கம்ப்யூட்டரில் இயங்கும் பயிற்சிக் கருவிகள் வந்திருக்கின்றன. மாணவன் ஒரு கைப்பிடியைப் பிடித்துத் திரையில் தெரியும் பல்லைக் குடைவான். எனாமலைத் தொட்டால் கடினமாகவும், சொத்தையைத் தொட்டால் மெதுவாகவும் கையிலேயே உணரலாம். எத்தனை முறை தவறினாலும் நோயாளிக்குச் சேதமில்லை, பல்லும் வீணாவதில்லை. நல்ல கருவிதான். ஆனால் ஒவ்வொன்றும் பல லட்சம் ரூபாய். பிடுங்கிய பற்களைச் சேகரித்து, பழைய பொம்மைத் தலையில் பதித்துப் பழகும் கல்லூரிகளே அதிகம்.

மருத்துவப் பத்திரிகைகளின் நிலையும் இதுதான். புதிய ஆராய்ச்சிகளைச் சொல்லும் பத்திரிகைகளுக்கு ஆண்டுச் சந்தா மிகவும் அதிகம். ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்கு அவற்றை இலவசமாகவோ குறைந்த விலையிலோ கொடுக்க உலக சுகாதார நிறுவனம் 2002 ஆம் ஆண்டு ஹினாரி என்ற திட்டத்தைத் தொடங்கியது. நம் தேசத்தின் மொத்தப் பொருளாதாரம் பெரியது என்பதால் இந்தியா அந்தப் பட்டியலில் சேரவில்லை. தேசம் பெரியதுதான், ஆனால் அதன் ஓரத்திலிருக்கும் சிறிய மருத்துவமனை பெரியதல்லவே!

இதற்குப் பரிகாரமாக மத்திய அரசு "ஒரே தேசம் ஒரே சந்தா" என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்து, 2025 ஜனவரியில் தொடங்கியது. ஏறத்தாழ 13,000 பத்திரிகைகளை 6,300 அரசு நிறுவனங்கள் வாசிக்கலாம். மிகவும் வரவேற்கத்தக்கது. ஆனால் முதற்கட்டம் அரசு நிறுவனங்களுக்கே என்பதால், நம்மைப் போன்ற மிஷன் மருத்துவமனைகள் அதற்கு வெளியே நின்றன.

சமாரியா ஸ்திரீ யாக்கோபின் கிணற்றடியில் ஆண்டவரிடம் பேசியது நினைவுக்கு வருகிறது. கிணற்றில் தண்ணீர் இல்லை என்று அவள் சொல்லவில்லை. கிணறு ஆழம், மொள்ளுவதற்கு ஒன்றும் இல்லையே என்பதுதான் அவள் ஆச்சரியம். இன்றைக்கு அறிவு என்னும் கிணறு நிறைந்திருக்கிறது. கயிறும் வாளியும் வீட்டிலிருந்து கொண்டுவர முடிந்த பிள்ளைகள் மொண்டுகொள்ளுகிறார்கள். மற்றவர்கள் கிணற்றடியிலேயே தாகத்தோடு நிற்கிறார்கள்.

நம் முன்னோடிகள் காட்டிய வழி

தூரத்திலிருந்து படிப்பது திருச்சபைக்குப் புதிதல்ல. நான் இறையியல் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் குவாத்தமாலா தேசத்தின் அனுபவத்தைச் சொல்லுவார்கள். அங்கே பிரஸ்பிட்டேரியன் சபையின் செமினரிக்கு ஒரு பிரச்சினை இருந்தது. கிராமத்தில் சபையை நடத்துகிற மூப்பர்களால் நிலத்தையும் குடும்பத்தையும் விட்டு வந்து படிக்க முடியவில்லை. வந்து படித்த வாலிபர்களிலோ பலர் கிராமத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே 1963 ஆம் ஆண்டு அவர்கள் செமினரியையே ஊர்களுக்கு அனுப்பினார்கள். வீட்டில் தானே படிக்கும்படி எழுதப்பட்ட பாடப்புத்தகம், வாரம் ஒருமுறை ஆசிரியர் வந்து நடத்தும் கூடுகை, அந்த வாரமே சபையில் செய்யும் ஊழியம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே படிப்பு. இந்தியாவில் இதே முறையில் 1971 ஆம் ஆண்டு பெங்களூரில் டாஃப்டி தொடங்கப்பட்டது. உங்களில் சிலர் அதில் படித்திருப்பீர்கள்.

அந்த வாராந்தரக் கூடுகையை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் தபால் கல்விதான் என்று அந்த முன்னோடிகள் வற்புறுத்தினார்கள். புத்தகம் தூரத்திலிருந்து வரலாம், சந்தேகம் தீர்க்கிறவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவத்திலும் இதே பாடத்தைக் கற்றிருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் வேலை செய்யும் டாக்டர்களுக்குத் தொலைதூர முறையில் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பை நடத்தி வருகிறது. அச்சிட்ட பாடங்கள் வீட்டுக்கு வரும், நேரில் கூடிப் பழகும் நாட்களும் உண்டு. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003 ஆம் ஆண்டு எக்கோ என்ற திட்டத்தைத் தொடங்கினார். கல்லீரல் நோயாளிகளை வெகு தூரம் பயணம் பண்ணவைப்பதற்குப் பதிலாக, அவர்களுடைய கிராமத்து டாக்டரையே நிபுணர்களோடு வீடியோவில் தவறாமல் சந்திக்க வைத்தார். கருவி முக்கியம்தான். ஆனால் இந்த வேலைகளைத் தாங்கி நிறுத்தியது, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வந்து உட்கார்ந்த மனிதர்களின் உண்மைதான்.

பழைய ரெக்கார்ட் அறை

இப்போது அந்த மாணவியின் காரியத்துக்கு வருகிறேன். நான் நம் பல் மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அவளுடைய கல்லூரி ஆசிரியைக்குப் போன் செய்து, செதுக்கும் பாடங்களைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். அந்த அம்மையார் மனமுவந்து அனுப்பினார்கள். அலுவலக இன்டர்நெட்டில் இரவிலே அவற்றை இறக்கி, நர்ஸிங் ஸ்கூல் ஹாலிலிருந்த பெரிய டி.வி.யில் போட்டுக் காட்டினோம். நகம் அளவு தெரிந்த பல் இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு தெரிந்தது.

பல் மருத்துவப் பகுதியை ஒட்டியிருந்த பழைய ரெக்கார்ட் அறையை ஒழித்துக் கொடுத்தோம். சனிக்கிழமை மாலைகளில், கவச உடையைக் கழற்றிக் குளித்துவிட்டு, டாக்டர் அவள் பக்கத்தில் உட்காருவார். இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஆளுக்கொரு மெழுகுக் கட்டியைச் செதுக்குவார்கள். முதல் கடைவாய்ப்பல் அவள் கையில் இரண்டாய் உடைந்தது. ஐந்தாவதும் சரியாக வரவில்லை. எத்தனையாவது சரியாக வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சனிக்கிழமை அவள் தாயார் டியூட்டியின் நடுவே ஓடிவந்து, முந்தானையில் பொதிந்து வைத்திருந்த மெழுகுப் பல்லை என்னிடம் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வார்டுக்குத் திரும்பிப் போனது நன்றாக நினைவிருக்கிறது.

எல்லாம் அற்புதமாய் முடிந்தது என்று எழுத மாட்டேன். முதலாண்டுத் தேர்வில் அவள் ஒரு பாடத்தில் தவறினாள். மறுதேர்வில் தேறினாள். இரண்டாம் ஆண்டில் மற்றவர்களைவிட அதிக நேரம் ஃபேண்டம் ஹெட் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ரெக்கார்ட் அறைக்கு வந்து பழகுவாள். கர்த்தருடைய கிருபையால் நான்கு ஆண்டுப் படிப்பையும் முடித்துவிட்டாள்.

அவளைப் பார்த்து வேறு பிள்ளைகளும் வரத்தொடங்கினார்கள். பல் மருத்துவம், நர்ஸிங், லேப் டெக்னீஷியன் படிப்புகளில் சேர்ந்த நம் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் விடுமுறையிலும் தேர்வு நேரத்திலும் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் எந்தச் சபை, எந்த மதம் என்று நாம் கேட்பதில்லை. அதுதான் சென்ற இதழில் நீங்கள் வாசித்த கம்ப்யூட்டர் அறை.

பெரியவருக்கு என் பதில்

பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது நேராக வருகிறேன். முதலாவது, நோயாளிகளின் மருந்துக்கென்று குறித்து அனுப்பப்பட்ட காணிக்கையில் ஒரு ரூபாயைக்கூட இந்த அறைக்கு எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டோம். இதற்கென்று கொடுக்கப்பட்டதை மட்டுமே செலவிட்டோம், கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது.

இரண்டாவது, இதுவும் அந்த ஏழை நோயாளிக்காகத்தான். உலக சுகாதார நிறுவனம் 2022 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத்தில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு வாய், பல் நோய்கள் இருக்கின்றன. அவர்களில் நாலில் மூன்று பேர் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறவர்கள். நம் தேசத்தில் பல் டாக்டர்கள் நகரங்களில் நெருக்கமாகவும், கிராமங்களில் அரிதாகவும் இருக்கிறார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியின் கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் படலம் தோன்றும்போதே ஒரு பல் டாக்டர் பார்த்துவிட்டால், அது புற்றுநோயாக மாறும் முன்னே தடுக்க வழி உண்டு. பார்க்க ஆள் இல்லாததால் புண் பெரிதாகி, வாய் திறக்க முடியாமல் வருகிற எத்தனை பேரின் படுக்கையருகே நான் ஜெபித்திருக்கிறேன்!

அந்தப் பாட்டியின் ஊரில் போய் உட்கார யார் மனதுவைப்பார்கள்? பெரும்பாலும் அந்த ஊர்ப் பாஷையும் பஸ் நேரமும் தெரிந்த பிள்ளைதான். அந்தப் பிள்ளையே டவர் கிடைக்காமல் முதலாண்டில் நின்றுபோனால், பத்து ஆண்டுகள் கழித்தும் அந்த ஊருக்குப் பல் டாக்டர் இருக்க மாட்டார். பெரியவரின் காணிக்கை இன்று ஒருவருடைய வலியைத் தீர்க்கிறது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். இந்த அறை நாளைக்கு வரப்போகும் வலிக்காக.

நமக்கு லட்ச ரூபாய்க் கருவிகள் வேண்டாம். நல்ல நிலையிலுள்ள இரண்டு பழைய லேப்டாப்கள், பாடங்களைச் சேமித்துவைக்க ஹார்ட் டிஸ்க், கரண்ட் போகும்போது தாங்க ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி, இன்னொரு ஃபேண்டம் ஹெட், மெழுகுக் கட்டிகள், செதுக்கும் கருவிகள் ஆகியவை போதும். எல்லாவற்றையும்விட ஒன்று வேண்டும். உங்கள் சபைகளில் ஓய்வுபெற்ற பல் டாக்டர்களோ ஆசிரியர்களோ இருந்தால், மாதத்தில் ஒரு சனிக்கிழமையை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். போனில் பேச முடிந்தாலும் போதும், நேரில் வந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் உங்கள் சபைகளில் செய்யலாம். வெளியூர் போய்ப் படிக்கிற உங்கள் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்போது, "படிக்கப் போன் இருக்கிறதா? டவர் கிடைக்கிறதா? உட்கார இடம் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். நான் கேட்கத் தாமதித்தேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.

அந்த மாணவி இன்டர்ன்ஷிப் முடித்ததும் ஓராண்டாவது நம்மிடம் வந்து வேலை செய்ய விரும்புவதாகச் சொல்லியிருக்கிறாள். வருவாளா, வேறு வழி திறக்குமா என்பது கர்த்தருடைய கரத்தில் இருக்கிறது. நாம் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ரெக்கார்ட் அறை அலமாரியில், உடைந்துபோன அந்த முதல் மெழுகுப் பல்லை டாக்டர் இன்னும் வைத்திருக்கிறார். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.

ஜெபக்குறிப்புகள்

1. கிராமங்களிலிருந்து மருத்துவத் துறைப் படிப்புகளுக்குச் சென்றிருக்கும் முதல் தலைமுறை மாணவ மாணவியருக்காக.

2. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்காகவும், அவர்களைத் தேடிப் போகும் உணர்வு நமக்கு உண்டாகும்படியாகவும்.

3. சனிக்கிழமை வகுப்புகளை நடத்தும் நம் பல் மருத்துவரின் சரீர சுகத்துக்காகவும், அவருக்கு உதவியாக இன்னொருவர் எழும்பும்படியாகவும்.

4. கேள்வி கேட்டு எழுதிய நம் பெரியவருக்காகவும், உங்களைப் போன்ற எல்லா ஆதரவாளர்களின் குடும்பங்களுக்காகவும் நாங்கள் தினமும் சிற்றாலயத்தில் ஜெபிக்கிறோம். நீங்களும் எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைச் சாப்ளின்